பிஞ்சின் காதோரம்

மூங்கில் ஓடைக் காட்டில் இருபத்திரண்டு குரங்குகள் இருந்தன. கோடையின் நடுவில் ஒரு காலை, அவை இருபத்தொன்றாயின.

கீறன் என்ற முரட்டு ஆண் குரங்கு ஓடைக்கரையில் விழுந்து கிடந்தான். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் காய்ந்திருந்தது. சிறுத்தை அடித்த காயம் இல்லை. பாம்பு கடித்த தடமும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் செத்தாலும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பிணத்துக்குக் கடைசியாக ஒருமுறை பேன் பார்ப்பார்கள். காது முதல் வால்நுனி வரை ரோமத்தைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போவார்கள். பிணத்தில் கை வைக்காத குரங்குக்கு அதன்பின் யாரும் பேன் பார்க்க மாட்டார்கள். பேன் பார்க்க ஆளில்லாதது தனிக்குரங்கு. தனிக்குரங்கைச் சிறுத்தை பார்த்துக்கொள்ளும்.

குறைவாலியும் மரத்திலிருந்து இறங்கினாள். வால்நுனியைச் சின்ன வயதிலேயே நாய்க்குக் கொடுத்தவள் அவள். வயிற்றைப் பற்றிக்கொண்டு நான்கு மாதக் குட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிஞ்சு என்று கூப்பிடுவாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமையின் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு நின்றது.

"தாயே, அந்தப் பிணத்தைத் தொடாதே" என்றது கொக்கு. "தெற்குச் சரிவில் இப்படித்தான் முதலில் ஒன்று விழுந்தது. இப்போது அங்கே குரங்கே இல்லை."

உடம்பு ஆறிப்போனால் அதிலிருக்கும் உண்ணிகள் இறங்கிச் சூடான வேறு உடம்பைத் தேடும் என்றும், அவை வெறும் உண்ணிகளாக வருவதில்லை என்றும் அது சொன்னது.

கூட்டத்தலைவன் தாடையன் பல்லைக் காட்டினான். "உண்ணி தின்று உடம்பு வளர்த்தவன் நமக்கு உண்ணியைத் தொடாதே என்கிறான். இவன் சாப்பாட்டில் நாம் பங்கு கேட்கிறோமாம். வயிறு எரிகிறது பாருங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சாப்பாடுதான். ஆனாலும் அந்தப் பிணத்தின் பக்கம் நான் போகவில்லை, பார்த்தாயா?" என்றது கொக்கு.

குறைவாலி மட்டும் அதைக் காதில் வாங்கினாள். ஆனால் தாடையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் தொட்டாலும் பரவாயில்லை, பிள்ளை தொடாமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தாள். பிஞ்சைக் கிளை இடுக்கில் உட்கார வைத்துவிட்டுப் போய், கீறனின் தோளில் கை வைத்தாள். அந்த ரோமத்துக்குள் கடுகு கடுகாக ஏதோ ஓடியது.

சடங்கு முடிந்ததும் பிஞ்சு பசியில் கத்தியது. ஓடிப்போய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், பிஞ்சின் காதோரம் ஓர் உண்ணி ரத்தம் குடித்து உப்பியிருப்பதைக் கண்டாள். இரண்டு நகங்களுக்கு நடுவே அதைப் பிடுங்கினாள்.

"என்னை நசுக்கு, பரவாயில்லை" என்றது உண்ணி. "ஆனால் நான் வெறும் வண்டி. ஏறி வந்தது இறங்கிப் போயாயிற்று."

"எது இறங்கிப் போனது?"

"அதற்கு வாயில்லை, வயிறில்லை. தானாகக் குட்டி போடவும் தெரியாது. உன் பிள்ளையின் உடம்பு ஒரு தேனடை மாதிரி, முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். பழகிய விருந்தாளி போல அது ஓர் அறையைத் தொடும். அறை தானே திறந்து உள்ளே விடும். உள்ளே போனதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே ஒரு கட்டளையை நீட்டும். 'என்னைப் போல இன்னொன்று செய்.' அறையின் வேலையாட்கள் அதைத் தங்கள் வேலை என்றே நினைத்துச் செய்வார்கள். ஒன்று ஆயிரமாகும். அந்த ஆயிரமும் பக்கத்து அறைகளுக்குப் போகும்."

"உடம்பில் காவல் கிடையாதா?"

"உண்டு. காவலாளிகள்தான் முதலில் பாய்ந்து அதை விழுங்குவார்கள். அவர்களுக்குள்ளும் அதே கட்டளை. அவர்கள் நடமாடும் இடமெல்லாம் அதுவும் போகும். கடைசியில் ரத்தம் ஓடும் குழாய்களின் சுவரே கசியும்."

"உனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?"

"என்னைக் கொன்றால் அதற்கு வண்டி ஏது?"

நகத்தால் நசுக்கினாள். அதனால் எதுவும் மாறவில்லை.

அடுத்த நாள் தாடையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு நாளில் செத்தான். சுற்றி உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் நால்வர் அந்த வாரமே விழுந்தார்கள். அவர்களுக்கும் பேன் பார்த்தார்கள்; இன்னும் ஆறு பேர் போனார்கள். குறைவாலிக்கும் காய்ச்சல் அடித்தது. கண் சிவந்து, உடம்பு முறிந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் தரையில் கிடந்தாள். ஆனால் பிழைத்தாள்.

பிஞ்சு பிழைக்கவில்லை. பால் குடிப்பதை நிறுத்தியது. ஈறில் ரத்தம் வந்தது. ஒரு மத்தியானம் அவள் மடியிலேயே கனத்துப்போனது.

மீதி எட்டுப் பேர் வந்து சுற்றி நின்றார்கள். அன்போடுதான் கைகளை நீட்டினார்கள். குறைவாலி பல்லைக் காட்டிச் சீறினாள்.

"உன் பிள்ளைக்கு நாங்கள் செய்ய வேண்டாமா?" என்று ஒரு கிழக்குரங்கு கேட்டது. "குழந்தையை அழுக்கோடு விட்டுப் போவதா? நீயெல்லாம் ஒரு தாயா?"

பெண் குரங்குகள் செத்த குட்டியை நாள்கணக்கில் சுமந்து திரிவதுண்டு. குறைவாலியின் கைகளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பிஞ்சைக் காய்ந்த சருகின்மேல் வைத்தாள். காதோர ரோமம் கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"என் பிள்ளையை யாரும் தொடக்கூடாது. உயிர்மேல் ஆசை இருப்பவர்கள் என் பின்னால் வாருங்கள்" என்றாள்.

ஓடையைத் தாண்டி வடக்கு மேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு குரங்குகள் பின்னால் போயின. கிழக்குரங்கும் அதன் மகளும் மட்டும், வழக்கத்தை முடித்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று அங்கேயே உட்கார்ந்தார்கள்.

அவர்கள் வரவே இல்லை.

செத்தவருக்குச் செய்யும் மரியாதை இருப்பவரைக் கொல்லுமானால், கையை மடக்கிக்கொண்டு விலகிப் போவதே செத்தவருக்கும் மரியாதை.