செங்காலுக்கு வைத்த முதல் மஞ்சள்

கேளுங்கள் மக்களே. கோட்டைகளுக்கு மண்சுவர் மட்டுமே இருந்த காலம் அது. பெருவாணி ஆற்றங்கரையில் நெடுங்கோ என்று ஓர் அரசன் இருந்தான். அவன் மனைவி வேங்கைநாச்சி, கிழக்கு மலைத் தலைவனின் மகள்.

பெருவாணி மேற்கு மலையில் பிறந்து வரும். கிழக்கு மலையில் பிறந்த செங்கால் என்ற சிற்றாறு தலைநகருக்கு அருகே வந்து அதோடு கூடும். நாட்டின் நெல்வயல்கள் எல்லாம் அந்தக் கூடலுக்குக் கீழேதான்.

ஆடிப் பதினெட்டில் அரசன் கூடலுக்கு வந்து, ஆற்றுக்கு மஞ்சளும் காதோலையும் கருகமணியும் விடுவான். அன்று பெருவாணி கரை புரளும். செங்காலில் ஆடு மேயும். அடைமழைக் காலத்திலோ, கால் சேறாகும் என்று அவன் அரண்மனை வாசலைத் தாண்டவே மாட்டான்.

மணமான முதல் வருஷம் செங்காலைப் பார்த்து முகம் சுளித்தான். இரண்டாம் வருஷம், "உன் பிறந்த வீட்டுச் சீதனம் வெறும் மணல்தானா?" என்று அரசியைச் சீண்டினான். மூன்றாம் வருஷம், "மலையடியில் கல்லடுக்கி இதை மறித்துவிடுங்கள். இந்த மணலில் யானைக்கொட்டில் கட்டலாம்" என்று உத்தரவே போட்டுவிட்டான்.

அரசிக்கு மனசு கொதித்தது. "ஐப்பசி முடியும்வரை பொறுங்கள், அரசே. அதற்குள் இது வராவிட்டால் முதல் கல்லை நானே வைக்கிறேன்" என்றாள். அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

ஆவணியில் நாற்று நட்டார்கள். புரட்டாசியில் மேற்கு மலை மழை ஓய்ந்தது. பெருவாணி முழங்காலுக்கு இறங்கியது, கணுக்காலுக்கு இறங்கியது, கடைசியில் குட்டை குட்டையாய் நின்றது. பயிர் வெளுத்தது. அரசனுக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கே பார்த்துப் பார்த்து அரசிக்குக் கண் பூத்துப்போனது. இந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டால், பிறந்த வீட்டு ஆற்றை அவள் கையாலேயே அல்லவா அடைக்க வேண்டும்?

ஐப்பசி பாதி போனது. கிழக்கு மலை கறுத்தது. ஒரு நாள் காலையில் இடையர்கள் மந்தையை அவசர அவசரமாகக் கரையேற்றினார்கள். பின்னாலேயே செங்கால் நுரையும் சருகுமாக வந்து, கூடலைத் தாண்டி, காய்ந்த வயல்களில் பாய்ந்தது. அரசி கரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அது.

அரசன் சேற்றில் இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அவசரப்பட்டுவிட்டேன், தேவி" என்றான்.

"எங்கள் ஆறு பிந்தித்தான் வரும். ஆனால் வந்துவிடும்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி.

அடுத்த ஆடிப் பதினெட்டிலும் பெருவாணி கரை புரண்டது. அரசன் அதை விட்டுவிட்டு நேரே செங்காலுக்குப் போனான். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை விலக்கி, முதல் மஞ்சளைக் காய்ந்த மணலில் வைத்துக் கும்பிட்டான்.

ஆகையால் மக்களே, ஒருவர் ஓய்ந்திருக்கும் வேளையை மட்டும் பார்த்து, இவர் எதற்கும் உதவமாட்டார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.