தலைச்சன் பங்கு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. மூக்குக் கண்ணாடி உண்டு, எந்நேரமும் மேசையில் ஆறிப்போன டீ உண்டு. பேராசிரியர் மெஹருன்னிசா என்று பெயர். ஆசிரமம் என்று சொல்வதானால், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த அந்த ஆய்வகத்தைத்தான் சொல்ல வேண்டும்.

சிஷ்யை சுகுணா அன்று படியேறி வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

சும்மாவா? அவள் பிறந்த ஊரில் ஒரு பூச்சிமருந்து ஆலை இருந்தது. இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது. ஆலை போனாலும் அது மண்ணில் விட்ட நஞ்சு போகவில்லை. கரையாது, மக்காது, உடம்புக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு குடியிருக்கும் ஜாதி அது. அப்படி நஞ்சு நுழைந்தால் உடம்பில் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலையில் இறங்கும். எவை விழித்திருக்கின்றன, எவ்வளவு மும்முரமாக என்று ரத்தத்தில் படித்து, ஊருக்கு என்ன ஆபத்து என்று கணிப்பதுதான் சுகுணாவின் ஆராய்ச்சி. நம்ம வீட்டுப் பெண் என்று நம்பி ஊர்ப் பெண்கள் கையை நீட்டியிருந்தார்கள்.

"மேம், கொறஞ்சிருக்கு!"

"யாருக்கு?"

"எங்க எதிர்வீட்டு அஞ்சலைக்கு. மாசமா இருந்தப்ப ஒருதடவை ரத்தம் எடுத்தோம், இப்ப மறுபடி எடுத்தோம். பாதிக்குப் பாதி அடங்கிடுச்சு. எங்கம்மாவுக்கு அதைவிடக் கம்மி. உடம்பு தானாத் தேறுது மேம்! ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறாங்களாம்."

குருவின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"இருக்கறதுலயே அதிகம் யாருக்கு?"

"அதுதான் புரியல. எனக்கு. நான் ஊரைவிட்டு வந்து ஹாஸ்டல் தண்ணி குடிச்சு எத்தனை வருஷமாச்சு! மெஷின் கோளாறா இருக்கும்."

குரு தன் டம்ளரை எடுத்தார். பக்கத்தில் இருந்த காலி டம்ளரில் பாதி டீயை ஊற்றி அவள் முன்னால் தள்ளினார்.

"என் டம்ளர்ல கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு மேம்."

"ஆவியாப் போச்சா?"

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அஞ்சலை குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒண்ணு முடியப்போகுது."

"பால் குடிக்குதா?"

"குடிக்குது."

"உங்க வீட்டுல நீ எத்தனாவது?"

"தலைச்சன்" என்றாள் சுகுணா.

"அம்மா உடம்புல இருக்கற நஞ்சு பிள்ளைக்குப் போயிடும். வயித்துல இருக்கும்போது கொஞ்சம், பாலோட மிச்சம். தலைச்சனுக்குத்தான் பங்கு ஜாஸ்தி."

சுகுணா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அஞ்சலையைப் பாலை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"பால் பவுடரை எந்தத் தண்ணியில கரைப்பா?"

ஊருக்கே ஒரு கிணறு. அது ஆலைக்குப் பின்னால் இருந்தது.

"கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு அதைவிட நல்லது வேற எதுவும் இல்ல" என்றார் குரு.

"எனக்கு நோய் வருமா மேம்?"

"உன் மரபணு நாய் மாதிரி விடாமக் குலைக்குது. திருடன் வீட்டுக்குள்ள இருக்கான்னு தெரியுது. எதை எடுப்பான், எப்ப எடுப்பான்னு நாய்க்குத் தெரியாது."

மேசையில் இருந்த சுகுணாவின் போன் அடித்தது. 'அம்மா' என்று காட்டியது. பொங்கலுக்கு வரச்சொல்லக் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது. பாவம், என்ன சந்தோஷமோ அவளுக்கு.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி நான் ஊருக்கு வரேன். எல்லாருக்கும் நானே சொல்றேன்" என்றார் குரு.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட இப்ப என்ன சொல்றது?"

குரு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"உனக்குக் கொறஞ்சிடுச்சும்மான்னு சொல்லு. அது பொய்யில்ல."