பிறப்பதற்கு முன் ஓட்டிய விமானம்

டொர்ர்ர்ர்... டக்.

பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். மணி ஏழேகால்தான், ஆனாலும் வெளியே நல்ல இருட்டு. சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், முதல் மாடி உயரத்தில், காக்கா உட்காரக்கூட இடமில்லாத இடத்தில், மறுபடியும்: டொர்ர்ர்ர்... டக்.

பேய் பிசாசெல்லாம் கிடையாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சிஸ்டர், சேலையூர் ஃபிளாட்டில் எட்டு மாதக் குழந்தையோடு தனியாக இருந்து பார்த்தவரில்லை. புருஷன் சவரிக்கு செகண்ட் ஷிஃப்ட், வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகும். அதுவரை கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருக்கலாம்தான். தாழ்ப்பாள் இருந்தால்.

அது திங்கட்கிழமையே கழன்றுவிட்டது. நாலு ஸ்க்ரூவில் மூன்று கையோடு வந்துவிட்டன. சவரி மாட்டப் போனபோது, மேல் மாடி திருவேங்கடம் அங்கிள் வந்து தடுத்தார். "தம்பி, தொடாதே. பறக்கிற பிளேன்ல இறக்கை மாட்டினவன் நான். இந்தத் தாழ்ப்பாள் எனக்குத் தூசு" என்று சொல்லி, சவரியின் ஸ்க்ரூ டிரைவரையும் வாங்கிக்கொண்டு போனார். இன்று வெள்ளி. தூசு அப்படியே இருந்தது.

குழந்தை இனிகோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் மேலே ஓடினாள்.

எமர்ஜென்சி விளக்கடியில் உட்கார்ந்திருந்தார் திருவேங்கடம். விமானப்படை முகாமில் முப்பது வருஷ சர்வீஸ், ஸ்டோரில் போர்வை எடுத்துக் கொடுக்கிற வேலை. மேசை மேல் அட்டைப்பெட்டிகள். துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் விமானங்கள் அவற்றில் இருந்தன, ஒட்டிச் சேர்த்து வர்ணம் அடிக்க வேண்டியவை. சுவர் முழுக்கப் போர் விமான வரலாற்றுப் புத்தகங்கள்.

"அங்கிள், எங்க கிச்சன் ஜன்னல்கிட்ட என்னமோ சத்தம். கொஞ்சம் வந்து பாருங்களேன். தாழ்ப்பாளும் வேற இல்ல."

"சத்தம் எப்படி?"

செய்து காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னண்டு சிலிண்டர். ஹரிகேன் விமானம். சந்தேகமே வேண்டாம். அந்த இன்ஜினோட நான் குடும்பம் நடத்தினவன்."

"அப்ப நான் என்ன, வாடகைக்கு இருக்கேனா?" என்றாள் அவர் மனைவி நீலாயதாட்சி, அடுப்படியிலிருந்து.

"பர்மா சண்டைம்மா. நாப்பத்து மூணாம் வருஷம். கீழ ஒரே காடு. நான் ஒத்தை ஆளா ஹரிகேன்ல..."

"நீங்க பொறந்தது அம்பத்திரண்டு. ஆதார்ல இருக்கு."

"அதனாலதானடி பொழைச்சேன்! எதிரி பைனாகுலர்ல பாக்கறான். விமானம் வருது, உள்ள ஆளைக் காணோம். இன்னும் பொறக்காதவனை எவன் குறி வைக்க முடியும், சொல்லு?"

யாராலும் முடியாதுதான் என்று ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். "சரி, வாங்க அங்கிள். கீழ கதவு சும்மா சாத்திக் கிடக்கு."

"இரும்மா. ஏழு பேர் துரத்தறான். என் மடியில இந்தப் புத்தகம்." தலையணை கனத்தில் ஒன்றை இழுத்துப் போட்டார். "ஒரு கையால ஓட்டறேன், ஒரு கையால புரட்டறேன். நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல போட்டிருக்கான், இடது பக்கம் எதிரி வந்தான்னு. வலது பக்கம் ஒடிச்சேன். அடுத்த பக்கம், மேலேர்ந்து சுட்டான்னு. கீழ முங்கினேன். எச்சில் தொட்டுப் புரட்ட அரை செகண்ட் லேட்டானா என் கதை முடிஞ்சுது!"

"சண்டை முடிஞ்சப்புறம்தானே அங்கிள் புத்தகம் எழுதியிருப்பாங்க?"

"ஹரிகேனோட வேகம் என்னன்னு நெனைச்சே? புத்தகம் அச்சான வருஷத்துக்கே போய், ஒண்ணு வாங்கிட்டு, சண்டைக்குத் திரும்பிட்டேன்."

"உங்க பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"நூத்திப் பதினாறு, பதினேழு. பசை பட்டு ரெண்டும் ஒட்டிக்கிச்சு, என்ன பண்ண?"

"போன மாசம் இட்லிப் பானை ஆவியில காட்டிப் பிரிச்சேன்," என்றாள் நீலாயதாட்சி. "ஒரு ஆறு, ஒரு பாலம். அவ்வளவுதான் படம்."

"அந்தப் பாலத்துக்கு அடியிலதான்டி நான் போய்க்கிட்டிருக்கேன்! எப்படித் தெரியும்?"

இனிகோ சிணுங்கினான். சிணுங்கல் அங்கிளின் காதில் கைதட்டலாக விழுந்தது போலிருக்கிறது. மேசை நடுவே காலியாக இருந்த ஒரு மரப்பலகையைக் காட்டினார். அதில் ஹரிகேன் என்று பேர் எழுதி ஒட்டியிருந்தது.

"இதுல நிக்கிறது பொம்மைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அதான் நான் ஓட்டின அசல் விமானம்! அவ்வளவு உயரத்துக் குளிர்ல சுருங்கி, எழுபத்திரண்டுல ஒரு பங்கா ஆயிடுச்சு. நான் மட்டும் பாராசூட்ல குதிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு இந்தத் தீப்பெட்டியிலதான் படுத்திருப்பேன்."

"எனக்கும் கட்டில்ல இடம் கெடைச்சிருக்கும்," என்றாள் நீலாயதாட்சி.

"அதோட மூக்கு விசிறிக்கு மட்டும் பசை போடலம்மா. ஊதினாப் போதும், சுத்தும். இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன், காயுது. காஞ்சதும் காட்டறேன்."

"அங்கிள், வரீங்களா இல்லையா?"

நீலாயதாட்சி வந்து ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் திணித்தாள். "பாவம், பச்சைப் புள்ளையை வெச்சுக்கிட்டு நிக்கிறா. போங்க. இப்பத்தான் பொறந்தாச்சே!"

படியிறங்கும்போது அங்கிள் பின்னால் வந்தார். தளபதி பின்னாலிருந்துதான் படையைக் காப்பாராம். படை என்பது ஜெசிந்தாவும், வாயில் விரல் போட்ட இனிகோவும்.

வீட்டுக்குள் கால் வைத்ததுதான் தாமதம். டொர்ர்ர்ர்... டக்.

தரையில் ஸ்க்ரூ டிரைவர் விழுந்த சத்தம். திமுதிமுவென்று ஓட்டம். பிறகு, அந்த வீட்டில் ஒழுங்காக இருந்த ஒரே தாழ்ப்பாள் விழுந்த சத்தம். பாத்ரூமில்.

"பயப்படாதேம்மா!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் இருக்கேன்!"

வேறு ஆளில்லை என்று ஆனபிறகு பயந்து என்ன பயன்? குழந்தையைப் பாயில் விட்டு, அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, ஜெசிந்தா ஜன்னலைத் திறந்து வெளிச்சம் அடித்தாள்.

தூண்டில் நரம்பில் ஒரு குட்டி விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. பெயின்ட் நாற்றம் ஆகாதென்று ஆன்ட்டி வெளியே விரட்டியதை, அங்கிள் மேல் பால்கனியில் கட்டியிருக்கிறார். முடிச்சு நழுவி ஒரு மாடி இறங்கிவிட்டது. காற்று வந்தால் விசிறி சுழன்றது, டொர்ர்ர்ர். காற்று தள்ளினால் இறக்கை கம்பியில் இடித்தது, டக்.

நரம்பை அறுத்து உள்ளே எடுத்தாள். எடுத்தவள் நேரே வாசலுக்குப் போனாள். கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரைப் பொறுக்கினாள். தளர்ந்த ஓட்டைகளில் தீக்குச்சியை உடைத்துச் செருகி, அதன்மேல் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினாள். பாத்ரூமிலிருந்து வந்த கதையில் அதற்குள் எதிரிகள் ஏழிலிருந்து பதினாலாகியிருந்தார்கள்.

"வெளிய வாங்க அங்கிள். பிடிச்சாச்சு."

வந்தார். பார்த்தார். எச்சிலை விழுங்கினார்.

"பாத்தியா? சத்தத்தை வெச்சே ஹரிகேன்னு சொன்னேனா இல்லையா?"

அது என்னவோ உண்மைதான்.

"உன் வீட்டுக்குக் காவலா நானே ரோந்துக்கு அனுப்பி வெச்சது," என்றார் அங்கிள், மூச்சு திரும்பியவராக. "தாழ்ப்பாள் இல்லாத வீடாச்சே!"

"ரோந்து முடிஞ்சுது அங்கிள்." விமானத்தை அவர் கையில் வைத்து, அவரை வாசலுக்கு வெளியே அனுப்பினாள்.

"அந்த ஸ்க்ரூ டிரைவர்..."

"அது எங்களுது."

அங்கிள் படிக்கட்டைப் பார்த்தார். கரண்ட் இன்னும் வரவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"ரொம்ப இருட்டா இருக்கேம்மா. செல் வெளிச்சத்தோட மேல வரைக்கும் கொஞ்சம் கூட வாயேன்."

"எதுக்கு அங்கிள்? அம்பத்திரண்டுக்கு முன்னாடிப் போயிடுங்க. யார் கண்ணுக்கும் தெரியமாட்டீங்க."

கதவைச் சாத்தினாள். நாலு ஸ்க்ரூவும் அசையவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள்.