அரக்கு நிறத்தின் எண்

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு இருபத்து மூன்று. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சந்திப்பெல்லாம் வைரக்கோட்டை என்ற ஊரில்தான். அந்த ஊர் கணினிக்குள் இருக்கிறது, ஆன்லைன் விளையாட்டு ஒன்றின் தலைநகராக.

சீடர் சுடலைமுத்து பாளையங்கோட்டையில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். புடவையைக் கொண்டுபோனால் அதற்குச் சேருகிற ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து உருவிப் போடுவார். குரு நர்மதா கோவையில் பல் மருத்துவம் படிக்கிறாள். வைரக்கோட்டையில் அவள் அரக்குப் படையின் தலைவி. வாள் பிடிப்பது முதல் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவளை "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலியாகத்தான். பிறகு கேலி போய்விட்டது, வார்த்தை நின்றுவிட்டது.

படையின் கவசங்களுக்குச் சாயம் பார்க்கிற பொறுப்பு, எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற சுடலைமுத்துவுக்கு. அதில்தான் மானம் போனது. போன திருவிழா அணிவகுப்பில் நாற்பது பேரும் அரக்கு என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு சிவப்பில் நடந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் 'பஞ்சுமிட்டாய்ப் படை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பார்வையாளர் ஓட்டில் வென்ற படையின் கொடிதான் அடுத்த திருவிழாவரை கோட்டை வாசலில் பறக்கும். நீலவேங்கைப் படையின் கொடி பறந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் படையை விட்டே போயிருதேன்" என்றார் அண்ணாச்சி. சொன்னால் செய்துவிடுகிற மனிதர். எல்லோருக்கும் அதுதான் கவலை.

இந்த முறை அவர் கண்ணை நம்பத் தயாராக இல்லை. "இது அரக்கு இல்லை, மெரூன்" என்று அடம்பிடிக்கிற அம்மாக்களோடு கடையில் வாதாடியே பாதி ஆயுள் போய்விட்டது. இங்கே அந்த வம்பே கிடையாது. சாயப் பெட்டியைத் திறந்தால் சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்று எண்கள். மனிதருக்குச் சொர்க்க வாசலே திறந்த மாதிரி இருந்தது. நாற்பது பேருக்கும் அதே மூன்று எண்களைக் கொடுத்தார். ஒவ்வொருவரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

திருவிழா நாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படை தன் மண்டபத்தில் கூடியது. அண்ணாச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். 

இரும்புக் கவசக்காரர்கள் ரோஜா நிறத்தில் மின்னினார்கள். தோல் கவசக்காரர்கள் கருப்பட்டி நிறத்தில் நின்றார்கள். துணி அங்கி போட்டவர்கள் மட்டும்தான் அரக்கு. ஒரே சாயம் இரும்பில் ஒரு மாதிரி, தோலில் ஒரு மாதிரி விழுந்திருந்தது.

"குருவே, எண்ணெல்லாம் ஒண்ணுதான்" என்றார் அண்ணாச்சி. "கண்ணு இல்லைங்குது. நான் எதைத்தான் நம்ப?"

 நர்மதா திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க? இப்ப அணிவகுப்பு முரசு கொட்டிருவாங்களே!"

"வாங்க அண்ணாச்சி."

மண்டபத்தைத் தாண்டி வெயிலில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். 

அண்ணாச்சியும் பின்னாலேயே போனார். விளக்கொளியில் ரோஜாவாக இருந்த அவள் கவசம் வெயிலில் வேறொரு சிவப்பாக இருந்தது. எவ்வளவு தள்ளியிருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று அவர் கண் தானாகவே அளந்தது. 'வாசலுக்கு வாங்கம்மா, வெளிச்சத்துல பாப்போம்.' கடை திறந்த நாளிலிருந்து எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பார்!

"அட மடப்பயலே" என்றார். தன்னைத்தான்.

பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "எல்லாரும் வெயிலுக்கு வாங்க! எண் காட்டுற கட்டத்தை மூடிருங்க, சாயம் ஏத்துற பொத்தான் மட்டும் போதும்."

"ஐயோ அண்ணாச்சி, இப்பப் போய் மாத்தினா எல்லாம் குழம்பிரும்" என்று பதறினான் ஈட்டிக்காரன் கதிரொளி.

"மூடும்வே, சொல்லுதேன்லா."

துணி அங்கிக்காரி ஒருத்தியை நடுவில் நிறுத்தினார். "இந்தப் பிள்ளைதான் புடவை. நீங்க எல்லாம் ரவிக்கைத் துணி. ஒவ்வொருத்தரா பக்கத்துல வாங்க." கடைக்காரர் வேலையில் இறங்கிவிட்டார். "உமக்கு இன்னும் கொஞ்சம் கருப்பு ஏத்தும். போதும். அடுத்தாளு. நீரு சிவப்பைக் கூட்டும்வே, கருப்பட்டியால்ல நிக்கீரு! ஆங், போதும்." தூரத்தில் முரசை வெளியே எடுத்துவிட்டார்கள். அவர் அவசரப்படவில்லை.

வரிசையில் கடைசியாக நர்மதா வந்து நின்றாள். அண்ணாச்சி தயங்கினார். குருவையே குறை சொல்வதா?

"தோள்பட்டை கொஞ்சம் வெளுப்பா இருக்கு, குருவே."

அவள் சாயத்தை ஏற்றிக்கொண்டே போனாள்.

"போதும்."

நிறுத்தினாள். முரசு கொட்டியது.

நாற்பது பேரும் ஒரே தறியில் இறங்கிய துணி மாதிரி தெருவில் வந்தார்கள். எங்கே இரும்பு முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. பஞ்சுமிட்டாய் என்று கத்தக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் கத்தினார்கள், வேறு மாதிரி. பார்வையாளர்களின் ஓட்டு மளமளவென்று ஏறியது. கோட்டை வாசலில் நீலக்கொடி இறங்க, அரக்குக்கொடி ஏறியது.

சுடலைமுத்து போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஜெயிச்சிட்டோம்ளா! ஜெயிச்சிட்டோம்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அரக்குக்கொடிக்குக் கீழே நீலவேங்கைப் படையின் சாயக்காரன் வந்து நின்றான். தோற்றவன்தான், ஆனால் மரியாதை தெரிந்தவன்.

"அண்ணே, இந்த அரக்குக்கு என்ன எண்?"

"நாப்பது இருக்கு தம்பி. உங்களுக்கு எதைச் சொல்ல?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவன் நர்மதாவிடம் திரும்பினான். "நீங்களாவது சொல்லுங்க. உங்க கவசத்தோட எண் மட்டும் போதும்."

"எனக்கே தெரியாதுங்க" என்றாள் நர்மதா. "அவர் போதும்னார். நிறுத்திட்டேன்."