வணக்கம் சொல்லாத தையல் மிஷின்

பொருள்கள் மட்டுமே குடியிருந்த ஓர் ஊரில், யார் வீட்டைச் சோதனை போடுவதென்றாலும் ரப்பர் முத்திரை அனுமதி தரவேண்டும். முத்திரை எந்தப் பக்கமும் சாயக்கூடாது, காரணத்தைப் படிக்காமல் காகிதத்தில் விழக்கூடாது என்று விதி. அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முத்திரையின் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். அதனால் முத்திரையின் கண்ணில் மட்டும் அது பட்டதே இல்லை.

ஒருநாள் காவல் நிலையத்து விசிலைக் காணோம். லத்தி நேராக முத்திரையிடம் வந்தது.

"தையல் மிஷின் வீட்டைச் சோதனை போடணும்யா."

"அது மேல என்ன சந்தேகம்?"

"நேத்து தெருவுல போனேன். வணக்கம் சொல்லலை."

"அடடா, பலமான காரணம்! என்ன பொருளைத் தேடறேன்னு எழுதலையே?"

"கிடைச்சதும் எழுதிக்கலாம்யா."

முத்திரைக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. வெற்றுக் காகிதத்தில் விழுந்து எழுந்தது. எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்கத் தானும் கூடவே கிளம்பிவிட்டது.

தையல் மிஷின் அப்போது ஒரு கல்யாணச் சட்டை தைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் முகூர்த்தம். லத்தி நூல்கண்டுகளை உருட்டியது, சட்டையை இழுத்துக் கிழித்தது. "அந்த இழுப்பறையை விட்டுட்டியே" என்று முத்திரை எடுத்துக் கொடுத்தது. இழுப்பறையில் விசில் இல்லை. அந்தச் சட்டைக்கென்று மாப்பிள்ளை வீட்டார் கொடுத்திருந்த பன்னிரண்டு வெள்ளிப் பொத்தான்கள் இருந்தன. லத்தி அவற்றை அள்ளிக்கொண்டது. தேடவந்த பொருள் வெள்ளிப் பொத்தான் என்று காகிதமும் அங்கேயே நிரம்பியது.

"ஐயா, விசிலைத்தானே தேடி வந்தீங்க?" என்று கேட்டது மிஷின்.

"இதுதான் கிடைக்கணும்னு நாங்க முன்கூட்டியே முடிவு பண்ணலைம்மா. நடுநிலைன்னா அதுதான்" என்றது முத்திரை.

சாயங்காலம் விசில் அகப்பட்டது. லத்தியை மாட்டிவைக்கும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான்கள் மட்டும் திரும்பி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கிழிந்த சட்டையைத் தூக்கி எறிந்து, தையல் மிஷினைத் திருடி என்று வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில், லத்தியின் அறையைச் சோதனை போடச் சொல்லி மிஷின் மனு கொண்டுபோனது. நான்கு பக்கம். சோதனையின்போது கூட இருந்த கத்தரிக்கோலின் சாட்சியமும் அதில் இருந்தது.

முத்திரை ஒரு வரி விடாமல் படித்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா அனுமதி தர முடியாது."

"ஏன்யா? அது எடுத்ததை நீங்களே பார்த்தீங்களே!"

"அதனாலதான் சொல்றேன். நேர்ல பார்த்த சாட்சியே அனுமதி கொடுத்தா, நடுநிலை என்னத்துக்கு ஆகும்?"