பம்பரம் விட்டுப் போன குழி

அந்தக் காலத்தில் உலோகங்கள் பேசின. கொஞ்சம் அதிகமாகவே பேசின. அனல்மலையின் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி அவற்றின் ஊர் இருந்தது. அலுமினியமும் அங்கேதான் குடியிருந்தது. அதை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தே இரண்டு நூற்றாண்டுதானே ஆகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனிதன் கண்ணில் படவில்லை என்பதற்காக ஒருவர் ஊரிலேயே இல்லை என்று ஆகிவிடாது.

அந்த ஊரில் இரண்டு பேரை இணைத்துவைப்பது தீயின் வேலை. இருவரையும் உருக்கும், ஒன்றாக ஓடவிடும், பிறகு ஆறவிடும். இரும்போடு இரும்பு, செம்போடு செம்பு என்று ஒரே இனத்தாரைத்தான் அது இணைத்துப் பழகியிருந்தது. வேறு வேறு இனத்தாரை இணைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மலை வாயைத் திறந்த அன்று அப்படிக் கேட்க வேண்டியதாயிற்று.

உருகிய பாறை சரிவில் இறங்கத் தொடங்கியது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஊரார் மேட்டுப் பாதையில் ஏறித் தப்பினார்கள். ஈயத்தால் மட்டும் ஏற முடியவில்லை. சின்னச் சூட்டுக்கே இளகிவிடும் உடம்பு அதற்கு. ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கை துவளுதுண்ணே," என்றது, அலுமினியத்தோடு துணைக்கு நின்றுவிட்ட இரும்பிடம்.

அதை அக்கரை சேர்க்க ஒரு படகு வேண்டும். இரும்பு மட்டும் படகானால் ஆழமில்லாத அந்த ஆற்றில் தரைதட்டும். அலுமினியம் மட்டும் படகானால் பாறையில் மோதிக் கசங்கும். ஆகவே இரும்பு வெளிச்சட்டமாகவும் அலுமினியம் உள்தகடாகவும் இருப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். அனல் காற்றில் கயிறு கருகி அறுந்தது. தீயைக் கூப்பிட்டார்கள்.

தீ இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. "இது நடக்காதுப்பா. இரும்புக்கு வேர்க்கிறதுக்குள்ள அலுமினியம் ஓடிப்போயிடுவான்."

"முயற்சி பண்ணிப் பாருங்க," என்றது அலுமினியம்.

தீ பக்குவமாகத்தான் தொட்டது. அப்படியும் அலுமினியத்தின் ஓரம் சொட்டுச் சொட்டாக உதிர்ந்தது. இரும்பு சிவக்கக்கூட இல்லை. ஒட்டிய இடத்திலோ இரண்டுமல்லாத ஏதோ ஒன்று கண்ணாடி போலப் பிறந்திருந்தது. இரும்பு விரலால் சுண்டியதும் அது பளிச்சென்று உடைந்தது.

"எனக்கு உருக்கத்தான் தெரியும்," என்று தலை குனிந்துகொண்டு தீ நகர்ந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் பண்ணட்டுமா?"

பம்பரம். டங்ஸ்டன் வீட்டுப் பிள்ளை. ஈயத்தைவிடக் கனம், எந்தச் சூட்டுக்கும் அசையாது. நாள் முழுக்கத் தெருமுனையில் சுற்றிக்கொண்டிருப்பதால் ஊரில் யாரும் அதை ஒரு வேலைக்கும் அழைத்ததில்லை.

"நீயா?" என்றது இரும்பு. "சுத்துறதைத் தவிர உனக்கு என்னடா தெரியும்?"

"அதைத்தான் பண்ணப்போறேன். யாரையும் உருக்க மாட்டேன். மேல நின்னு உரசுவேன். உரசுற சூட்டுல அலுமினியண்ணன் முறுக்கு மாவு மாதிரி இளகுவாரு. அவரைக் கிளறி உங்கமேல அழுத்திவிடுவேன். நீங்க அடியில படுங்க."

"நான் அடியிலயா? மூத்தவன் நான். முதல் மரியாதை எனக்கு. என்மேல இறங்கு முதல்ல!"

"உங்கமேல இறங்கினா எனக்குத்தான் இந்தக் கூர்மூக்கு தேயும்ணே."

மரியாதை விவகாரம் அந்த ஊரில் லேசில் முடியாது. பாறைக் குழம்பு ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியிருந்தது. ஈயத்தின் சுண்டு விரல் வளைந்து தொங்கியது. ஈயம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது. இரும்பு அதைப் பார்த்துவிட்டது. உடனே அடியில் படுத்தது.

அலுமினியம் மேலே படிந்தது. பம்பரம் சுழன்றபடி மூக்கை அழுத்தி இறங்கியது. தோள் பதிந்தது. அலுமினியம் உருகவில்லை, இளகிக் குழைந்து மூக்கைச் சுற்றிச் சுழன்றது. மூக்கின் நுனி இரும்பைத் தொட்டது.

"பிடிக்குது!" என்று கத்தியது அலுமினியம்.

பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதன் சுழற்சியை ஊர் ஒரு வேலையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றியது. பிறகும் இன்னும் கொஞ்சம்.

பம்பரம் எழுந்ததும் இரும்பு சுண்டிப் பார்த்தது. தகடு டக்கென்று பெயர்ந்துவிட்டது. நடுவில் அதே கண்ணாடி, இப்போது தடிப்பாக.

"பாவி! நல்லாப் பிடிச்சிருந்துச்சு. நீ நின்னு நின்னு கெடுத்துட்டே," என்றது அலுமினியம். "சூட்டுல எங்களை அதிக நேரம் சேர்த்து வெச்சா அந்தச் சனியன் வளருது. அடுத்த இடத்துல இறங்கு. நான் 'போ'ன்னு சொன்னதும் போயிடணும்."

பம்பரம் தயங்கியது. "உடனே எழுந்தா என் மூக்கு இருந்த இடம் குழியாவே நிக்கும்ணே. அதை நிரவிவிட நேரம் வேணும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"ஊர்ல எல்லாரும் என் வேலை அரைகுறைன்னு..."

"இறங்குடா!"

பம்பரம் இறங்கியது. தோள் பதிந்தது. அலுமினியம் குழைந்தது. "போ!"

பம்பரத்தின் உடம்பு முழுக்க அங்கேயே நிற்கச் சொன்னது. அது கிளம்பிவிட்டது. பளபளக்கும் ஒரு வளையமும், நடுவே ஆழமான ஒரு குழியுமாக அந்த இடம் அசிங்கமாக இருந்தது.

இரும்பு சுண்டியது. ஓங்கிக் குத்தியது. பிறகு தன் எடை முழுவதையும் போட்டு இழுத்தது. அசையவில்லை.

 சட்டத்தைச் சுற்றிலும் இறங்குவதும் எழுவதுமாகப் பம்பரம் ஓடியது. பாறைக் குழம்பு கரையைத் தொட்டபோது ஈயத்தைப் படகுக்குள் உருட்டிவிட்டார்கள். ஆற்றில் ஆவி குபுகுபுவென்று எழுந்தது.

"ஏறுடா!" என்றது இரும்பு.

"நான் ஏறினா அமுங்கிடும்ணே. இந்தச் சூடு என்னை ஒண்ணும் பண்ணாது. போங்க!" என்று பம்பரம் தோளால் படகைத் தள்ளிவிட்டது.

நடு ஆற்றில் ஒரு பாறை படகை அடித்தது. இரும்பு அந்த அடியை வாங்கிக்கொண்டது, அலுமினியம் நடுங்கியது. ஈயம் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கண்ணாடி உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. குழிகள் இரும்பைத் துளைக்காததால் தண்ணீரும் வரவில்லை. அக்கரை ஈரமணலில் ஈயம் தன் கையைப் பதித்து ஆறவிட்டது. விரல் கோணலாகவே இறுகியது, ஆனால் இறுகியது.

சில நாள் கழித்துத் தீ வந்து, "அந்தக் குழிகளை நான் வேணா லேசா உருக்கி அடைச்சுத் தரட்டுமா? பார்க்க நல்லா இருக்கும்," என்றது.

இரும்பு குறுக்கே வந்து நின்றது. "கிட்ட வந்து பாரு, தெரியும் சேதி."

அன்று முதல்தான், மனிதர்களின் பட்டறைகளிலும் ஒட்டாத இரண்டு உலோகங்களைப் புள்ளி புள்ளியாக உரசி இணைக்கும்போது மென்மையானது மேலேயும் கடினமானது அடியிலும் படுக்கின்றன. சுழலும் கருவியின் மூக்கும் வேலை முடிந்த கணமே, நடுவில் ஒரு குழியை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறது.