மூன்று பாறைத் தீவு

முழங்கால் வரை கல்லாகிவிட்டான் கொற்றன். தம்பி நக்கன் இழுத்துப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான், துடுப்பைக் கொடுத்து நெம்பியும் பார்த்தான். அசையவில்லை.

கடல் கேட்டால் கரை பதில் சொன்ன காலம் அது. ராசா ஒரு சின்னத் தீவைப் பிடித்து வரச் சொல்லி அண்ணன் தம்பியை அனுப்பியிருந்தார். பிடிக்க அங்கே என்ன இருந்தது? வடக்கே மணல்திட்டு, நடுவே தாழம்புதர், தெற்கே மூன்று பாறை. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆளும் இல்லை. கொற்றன் இறங்கியதும் “இது எங்க தீவு” என்றான். பாதம் கல்லானது.

நக்கன் அலறியதைக் கேட்டுப் புதரிலிருந்து ஒரு நண்டு வந்தது.

“கத்தாதே. கத்துனா கல்லு கரையாது” என்றது.

பாறைகளின் கதையையும் அதுதான் சொன்னது. முதல் பாறை மந்திரவாதி. தீவுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவன் கல்லாகட்டும் என்று மந்திரம் போட்டவனே அவன்தான். போட்ட கையோடு இனி இது என் தீவு என்று சிரித்தான், முடிந்தது. இரண்டாவது ஒரு வணிகன். மூன்றாவது ஒரு சாமியார். எனக்கு எதுவுமே வேண்டாம், இந்தத் தீவைத் தவிர என்றாராம்.

தீவு யாருடையது என்று யாராவது சரியாகச் சொன்னால் மந்திரம் முறியும். தப்பாகச் சொன்னால் சொன்னவனும் கல்.

கல் இடுப்புக்கு ஏறியது. கொற்றன் தம்பியை ஓடிவிடச் சொன்னான்.

“நம்ம தீவு” என்றான் நக்கன்.

“எங்கன்னாலும் நம்மன்னாலும் ஒண்ணுதானே?” என்றது நண்டு.

“எங்கன்னா நீ வெளியே. நம்மன்னா நீயும் உள்ளே.”

“நானுமா?”

“நீயும்தான்.”

“ஆமை?”

“ஆமையும்.”

“அந்த மந்திரவாதிப் பய?”

நக்கன் முதல் பாறையைத் திரும்பிப் பார்த்தான். கல் அண்ணனின் கழுத்தைத் தொட்டது.

“சரி, அவனும்.”

கொற்றன் மேலிருந்த கல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தெற்கே மூன்று பாறையும் மனிதர்களாகி எழுந்து சோம்பல் முறித்தன. அவை நின்ற இடம் மூன்று பள்ளமாகி, மழைத் தண்ணீர் தேங்கி, இன்றும் பறவைகள் அதில்தான் குடிக்கின்றன. மனிதர் யாரும் அங்கே தங்கவில்லை. ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோரும் படகில் ஏறினார்கள். மந்திரவாதி ஓரமாக இடம் கேட்டான், கொடுத்தார்கள்.

அரண்மனை வாசலில் கொற்றன் தம்பியின் தோளைப் பிடித்தான்.

“ராசா கேட்டா ‘உங்க தீவுதான்’னு சொல்லிடுடா. பிழைச்சது போதும்.”

ராசா கேட்டார். “நம்ம தீவு” என்றான் நக்கன்.